செட்டை நிறுத்திய பிறகு கேட்ட சத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் என் தங்கை வாக்கப்பட்ட ஊர். அங்கே கோயில் பொட்டலில் பந்தல் போட்டு அவள் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் நான்தான். அன்று காலை பத்து மணிக்கு நான் எப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், மதியம் ஒரு மணிக்கு எப்படி ஆனேன் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வினையே அதில்தான் ஆரம்பித்தது. நான் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி, கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் எங்கள் வட்டாரத்தில் என் ஸ்பீக்கர் பாக்ஸ்தான் அலறும். எங்கள் தொழிலில் அமைதிக்கு மரியாதை கிடையாது. சத்தம் நின்றால் ஃபியூஸ் போய்விட்டது, இல்லையென்றால் ஜெனரேட்டர் மண்டையைப் போட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த நொடி ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். அதனால் மைக் கையில் இருக்கும்போது மூன்று விநாடி சும்மா இருந்தால் எனக்கு வேர்த்துவிடும். "ஹலோ, ஹலோ" என்றாவது சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவேன்.

என் மருமகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஊரில் திருவிழா வந்தது. பக்கத்துக்கு நாலு பாக்ஸ் வைத்திருந்தேன். தரை அதிர்கிறது, கடைகளில் தொங்கும் பலூன் ஆடுகிறது. இவள் மட்டும் செட்டுக்குப் பக்கத்திலேயே, அவள் அம்மா மடியில், அசையாமல் தூங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, மைக் செட்டுக்காரன் மருமகடா! தாலாட்டே இம்புட்டுச் சத்தத்துல இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு வருடம் இதையே சொல்லித் திரிந்தேன்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, பின்னால் எவர்சில்வர் குடம் உருண்டு விழுந்தும் அவள் திரும்பாததைத் தங்கைதான் கவனித்தாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் வயரை ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் பிறவியிலிருந்தே கேட்கவில்லை என்றார் டாக்டர். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவளுக்குக் கேட்கவில்லையே என்று மட்டும் அழவில்லை. அதைத் திறமை என்று சொல்லி ஒரு வருடத்தை வீணாக்கியவன் நான்தானே என்றும் அழுதேன்.

அரசு காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் நடந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை உள்காதுக்குள் விடுகிறார்கள். வெளியே, காதில் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின். அதிலிருந்து ஒரு சின்ன வயர் போகும். வயரின் முனையில் பழைய எட்டணா அளவுக்கு ஒரு வட்டத் துண்டு. அதற்குள் காந்தம் இருப்பதால் தலையில் தானாகவே ஒட்டிக்கொள்ளும். மிஷின் தலையில் இருந்தால் பிள்ளைக்குக் கேட்கும். கழற்றிவிட்டால் ஒன்றும் கேட்காது.

மிஷினை முதல்முதலாக ஆன் செய்யும் நாளில் சொந்தக்காரர்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். செல்போனில் வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஏதோ அதிசயம் நடக்கப்போகிறது என்று எல்லோரும் கர்ச்சீப்போடு தயாராக இருந்தோம். பிள்ளை ஒருமுறை முழித்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு டேபிளில் இருந்த ஸ்டிக்கரை எடுத்துத் தின்னப் பார்த்தாள். அவ்வளவுதான். வந்ததற்கு வண்டியூர் தெப்பக்குளத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவை நாங்கள் டீச்சர் என்போம். அவர் அன்றைக்கே சொன்னார். "பிள்ளைக்கு வயசு ரெண்டரை. ஆனா இவ காதுக்கு இன்னைக்குத்தான் பிறந்த நாள். பிறந்த பிள்ளை அன்னைக்கே பேசுமா? கேக்கக் கத்துக்கணும், அப்புறந்தான் பேச்சு." வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு. வீட்டில் டிவியை அணைத்துவிட வேண்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச வேண்டும். காக்கா கத்தினால், குக்கர் விசில் அடித்தால், காதைத் தொட்டுக் காட்டி "கேட்டுச்சா?" என்று கேட்க வேண்டும். பிள்ளையும் சத்தம் கேட்டால் காதைத் தொட்டுக் காட்டப் பழகும். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு என்றார். ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, பிள்ளை பதில் சொல்லும் வரை வாயைத் திறக்காமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும்.

ஒருநாள் தங்கைக்குத் துணையாக நானும் வகுப்புக்குப் போனேன். டீச்சர் என்னிடம் ஒரு பொம்மைக் காரைக் கொடுத்து, "நீங்க செய்ங்க சார்" என்றார். "கார்" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. என்னால் முடியவில்லை. "கார் பாரு, செவப்புக் கார், பீப் பீப், நம்ம ஊருக்குப் போகுது, மாமா ஓட்டவா, நீ ஓட்டுறியா?" டீச்சர் என் கையிலிருந்த காரை வாங்கிக்கொண்டு, "நீங்க வெளியில போயி ஒரு டீ சாப்பிட்டு வாங்க சார்" என்றார், ரொம்ப மரியாதையாக.

அதற்கும் நான் திருந்தவில்லை. பிள்ளைக்கு இன்னும் சத்தம் பத்தவில்லை என்று நானாகவே முடிவு செய்து, ஒருநாள் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் மைக்கையும் தங்கை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "மாமா! மாமா! மாமா!" என்று மைக்கில் நாலு முறை சொன்னேன். மருமகள் என்னை நிதானமாகப் பார்த்தாள். தலையில் இருந்த மிஷினைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, மிஷின் மாட்டியிருந்தா அவளுக்கு மெதுவாப் பேசுனாலே கேக்கும். நீ கத்துறத எங்களாலயே தாங்க முடியல, அவ எப்பிடித் தாங்குவா?"

இப்படியே எட்டு மாதம் போனது. வீட்டில் "ம்மா" என்பாள், "தா" என்பாள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். வெளியாட்களைக் கண்டால் அதுவும் இல்லை. இங்கேதான் என் மதினி வருகிறார். தங்கை மாப்பிள்ளையின் அக்கா. அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான் என்பதால், அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். கெட்டவர் இல்லை. நாக்கு மட்டும் கருக்கரிவாள்.

"வாரத்துல ரெண்டு நாளு, விடியமுன்ன சோத்த ஆக்கி வச்சிட்டுப் பஸ் ஏறுறா. இம்புட்டு அலைஞ்சு என்னத்தக் கண்டோம்? இன்னைக்கு வரைக்கும் 'அத்தை'ன்னு ஒரு வார்த்த வரல" என்றார் ஒருநாள், எல்லோரும் இருக்கும்போது. "காதுகுத்து வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பேச்சு வந்தா சரி. இல்லன்னா இந்தச் சோலிய விட்டுட்டு, சாமிக்கு நேந்துக்கிட்டுச் சும்மா இருப்போம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கைக்கு முகம் செத்துப்போனது. வகுப்பை இப்போது நிறுத்தினால் ஆபரேஷன் செய்ததற்கே பலன் இல்லாமல் போய்விடும் என்று டீச்சர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அது தங்கைக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடத்தில் பொறுமையாக நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காதுகுத்து அன்னைக்கு என் மருமக மைக்குலயே பேசுவா மதினி. ஊரே கேக்கும். எழுதி வச்சுக்கங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் தங்கையையும் சேர்த்துக் கெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

காதுகுத்து நாளும் வந்தது. அந்தப் பொட்டலுக்கு இரண்டு பாக்ஸே அதிகம். நான் பக்கத்துக்கு எட்டு அடுக்கினேன். தாய்மாமன் சீர்வரிசையை மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய் இறக்கினேன். புதுப்பட்டுப் பாவாடையில் மருமகள் அம்மன் மாதிரி இருந்தாள். மிஷின் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சின்னக் கயிற்றில் கிளிப் போட்டுச் சட்டையோடு மாட்டியிருப்பாள் தங்கை. போட்டோவில் அது அசிங்கமாக விழும் என்று சொல்லி அந்தக் கிளிப்பைக் கழற்ற வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

ஆசாரி வந்தார். பிள்ளை என் மடியில். தலையை ஆட்டிவிடுவாள் என்று மிஷினை மட்டும் கழற்றித் தங்கை கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு காதிலும் குத்தி முடிக்கும் வரை பிள்ளை போட்ட சத்தம் என் பாக்ஸையெல்லாம் தோற்கடித்துவிட்டது. வாழைப்பழம், பொட்டுக்கடலை, சர்க்கரை என்று கொடுத்துச் சமாதானம் செய்தோம். அவள் விசும்பல் நின்ற பிறகு தங்கை மிஷினை மாட்டிவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். மதினி வந்து என் எதிரில் நின்றுகொண்டார்.

"என்ன கொழுந்தனாரே, மைக்குல பேசுவான்னீக?"

"அண்ணே, வேணாம்ணே. அவ இப்பத்தான் அழுது முடிச்சிருக்கா" என்றாள் தங்கை. நான் கேட்டால்தானே. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டம் நன்றாகப் பார்க்கட்டும் என்று மேடையின் முன்பக்கம் போனேன். இருபது வருடமாக மைக் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் ஒரே பாடம், மைக்கோடு பாக்ஸுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், வீலென்று கூவும் என்பதுதான். நான் நேராகப் போய்ப் பாக்ஸுக்கு முன்னால் நின்றேன். "மாமா சொல்லு" என்று மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

கூவியது. பதினாறு பாக்ஸும் சேர்ந்து கூவியது. பந்தலில் இருந்த பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். பந்தக்காலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மருமகள் ஒரே இழுவையில் மிஷினைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். நான் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரே அமைதி. எனக்கு வேர்த்துவிட்டது.

"பாப்பாவுக்கு லேசா வெக்கம்" என்று ஆரம்பித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். திருவாதவூரிலிருந்து வந்த உறவினர்களுக்கு நன்றி சொன்னேன். அழகர்கோவில் ரோட்டிலிருந்து வந்த பங்காளிகளுக்கு நன்றி சொன்னேன். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன்கள் தலைமுறை தலைமுறையாகச் சீர் செய்து வந்த வரலாற்றைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக் காளை ஒரு வருடம் ஜல்லிக்கட்டில் பிடிபடாமல் போனதையும் சொன்னேன். அதற்கும் காதுகுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. பத்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலி. பிள்ளையும் இல்லை, மிஷினும் இல்லை.

தங்கை பந்திப் பக்கம் தேடிவிட்டு ஓடிவந்தாள். மதினி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பந்தலைச் சுற்றி வந்தார். "கூப்பிட்டா கேக்காது மதினி. மிஷின் அவ காதுல இல்ல" என்று தங்கை சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. பொட்டலுக்குப் பின்னால் கண்மாய். அந்த வருடம் நல்ல மழை, தண்ணீர் கரை வரைக்கும் நின்றது. நாலு பேர் கண்மாய்க்கரைக்கு ஓடினார்கள். நாக்கை நீட்டிப் பேசிய மதினிதான் கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் அவர்களுக்கு முன்னால் ஓடினார்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே. மைக்கை எடுத்தேன். "பட்டுப்பாவாடை போட்ட பாப்பாவைப் பார்த்தவர்கள் உடனே மேடைக்குக் கொண்டு வரவும். பாப்பா காதில் மாட்டும் மிஷினும் காணவில்லை. எடுத்தவர்கள் கொண்டுவந்து கொடுக்கவும்." இடையிடையே கூட்டம் பதறாமல் இருக்கட்டும் என்று ஆபரேட்டரிடம் பாட்டு வேறு போடச் சொன்னேன்.

மிஷின் வரத் தொடங்கியது. முதலில் ஒருவர் புளூடூத் கொண்டுவந்தார். அடுத்து ஒரு அம்மா, காரைத் திறக்கும் ரிமோட். மூன்றாவதாக வந்தவர் பெருமையாக ஒரு காது மிஷினை நீட்டினார். பார்த்தால் அது வேறு யாருடையதோ. அந்த நேரத்தில் பந்தியில் ஒரு பெரியவர், "யாரோ என் மிஷினக் கழட்டிட்டுப் போயிட்டாய்ங்கப்பா!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பாவம், முகம் கழுவும்போது அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் அதை மைக்கில் அறிவித்து, "உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்" என்றேன். உரியவருக்கு அது எப்படிக் கேட்கும்? அதைக்கூட யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

தங்கை மேடைக்கு ஏறி வந்தாள். பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"மொதல்ல அந்தச் செட்ட நிறுத்துண்ணே!"

"மைக்கு இல்லாம அம்புட்டுப் பேருக்கும் எப்பிடித்தா சொல்றது?"

"சொன்னது போதும்! மண்ட வெடிக்குது. எம்பிள்ள எங்கயாச்சும் அழுதாக்கூட இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்குமா? நிறுத்து!"

ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, விசேஷம் நடந்துகொண்டிருக்கும்போது என் கையாலேயே செட்டை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

திடீரென்று ஊர் தெரிந்தது. சமையல் கொட்டகையில் கரண்டி உரசுகிற சத்தம், வேப்பமரத்துக் காக்கா, தூரத்தில் டவுன் பஸ் ஹாரன். அப்புறம், மேடைக்கு வலது பக்கம் அடுக்கியிருந்த பாக்ஸுக்குப் பின்னாலிருந்து, டப், டப், டப் என்று யாரோ பலகையை அடிக்கிற சத்தம். அடித்துப் பார்த்துவிட்டு, பயங்கரக் கோபத்தோடு என் மருமகள் வெளியே வந்தாள்.

அவள் அவ்வளவு நேரமும் பாக்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் பலகை மேல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டு அவள் கைக்கு அதிர்வாகக் கேட்டிருக்கிறது. சுகமாக ரசித்துக்கொண்டிருந்தவளுக்கு, யாரோ பாட்டை நிறுத்திவிட்டார்கள் என்று கோபம். தங்கை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்மாய்ப் பக்கமிருந்து மூச்சிரைக்க வந்த மதினி, பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை என்று தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மைக் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

"மிஷின் எங்கடி தங்கம்?" என்று தங்கை காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டிக் கேட்டாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துப் பாக்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பழைய பாக்ஸின் பின்பலகை கழன்று ஒரு மாதமாகிறது, நாளைக்கு மாட்டலாம் நாளைக்கு மாட்டலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். உள்ளே ஸ்பீக்கரின் வட்டக் காந்தம் அப்படியே தெரியும். அந்தக் காந்தத்தில், அவள் தலையில் ஒட்டுவது போலவே, மிஷின் ஒட்டிக்கொண்டு தொங்கியது. பாக்ஸுக்கும் காது கேட்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அழகாக மாட்டிவிட்டிருந்தாள்.

தங்கை அதை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெட்டுப்போயிருந்தால் எங்கே போவது? பிள்ளை தலையில் மாட்டிவிட்டாள். அதற்குள் கூட்டம் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. வேலை செய்கிறதா இல்லையா என்பது எங்கள் கவலை. அந்த மிஷினால் இந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது கேட்கிறதா என்பது ஊரின் கேள்வி. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு தள்ளி நின்றார். அவர் முகத்திலும் அதே கேள்விதான்.

நான் பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். தங்கை விரலை உதட்டில் வைத்து என்னை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. என் ஜென்மத்தில் அவ்வளவு நீளமான விநாடிகளை நான் பார்த்ததில்லை. நான்கு. ஐந்து. ஆறு.

அப்போது என் வயிறு கூப்பிட்டது. காது குத்தி முடியும் வரை தாய்மாமன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நானாக விரதம் இருந்தேன். அது முடிந்தும் பேச்சு மும்முரத்தில் சாப்பிடவில்லை. பசியில் குடல் புரண்டு, "குர்ர்ர்ர்" என்று நீளமாக, சின்னதாக ஒரு சத்தம்.

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். கண் அகலமானது. மெதுவாகக் கையைத் தூக்கி, தன் காதைத் தொட்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் வந்து, என் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மறுபடியும் காதைத் தொட்டாள். கேட்டுச்சு, இதுலேருந்துதான் வந்துச்சு என்று அவ்வளவு பேருக்கும் முன்னால் சாட்சி சொன்னாள்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் தங்கைக்கும் மட்டும்தான் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "என் வயிறு கத்துச்சு. அதத்தேன் சொல்றா" என்றேன். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு எந்த பாக்ஸும் ஈடாகாது. "மாமனுக்கு மொதல்ல எலையப் போடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

மதினி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கே கேக்கலையே" என்றார். "இந்தா, இம்புட்டுப் பக்கத்துல நிக்கிறேன், எனக்கே கேக்கல. அவளுக்குக் கேட்டுச்சா?" பிள்ளைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கையிடம் திரும்பாமலே கேட்டார். "திங்கக்கெழம எத்தன மணி பஸ்ஸுக்குக் கெளம்பணும்? ஒத்தையில எத்தன நாளு அலைவ, நானும் வாரேன்."

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். எட்டு மாதமாக யார் முன்னாலும் சிந்தாத கண்ணீரெல்லாம் அன்றைக்கு மதினியின் தோளில் கொட்டியது.

திங்கட்கிழமை நானும் போனேன். டீச்சர் மிஷினைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் அதே மெல்லிய குரலில் என்னைக் காய்ச்சி எடுத்தார். "பிள்ளை தலைக்குள்ளயும் ஒரு காந்தம் இருக்கு சார். பெரிய காந்தத்துக்குப் பக்கத்துல விடாதீங்கன்னு ஆபரேஷன் அன்னைக்கே சொன்னோம்ல? அவ தலையைக் கொண்டுபோயி அதுல வச்சிருந்தா?" அதை எழுதிக் கொடுத்த தாளைப் படித்து நான் கையெழுத்தும் போட்டிருந்தேன். காந்தம் என்றால் எங்கோ தொழிற்சாலையில் இருக்கும் சமாச்சாரம் என்று நினைத்தேனே தவிர, தினமும் சோறு போடுகிற என் பாக்ஸுக்குள் இருப்பது நினைவுக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே பின்பலகையை மாட்டினேன். மருமகள் வரும் இடத்தில் இன்றுவரை பாக்ஸ் வைப்பதில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது. ஒரே நாளில் வரவில்லை. பஸ் பஸ்ஸாக, வாரம் வாரமாக வந்தது. "அத்த" வந்த நாளில் மதினி தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை "மாமா" இல்லை. நான் ஒரு கதையை இழுத்துக்கொண்டே போனபோது, சோறு ஊட்டும் அம்மாவிடம் சொல்கிற மாதிரி கையைக் காட்டி, "போதும்" என்றாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாயங்காலம் வந்ததும் யார் யாரை அடித்தார்கள், யார் பென்சில் தொலைந்தது, மிஸ் எந்தக் கலர் சேலை என்று மூச்சு விடாமல் சொல்கிறாள். சில வார்த்தைகள் இன்னும் தெளிவாக வராது, அவளும் தேடித் தேடித்தான் சொல்வாள். நடுவில் எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடிக்கும். கொடுக்க மாட்டேன். அவள் தேடி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.

டாக்டர்கள், டீச்சர், அரசாங்கம், என் தங்கை, மதினி என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் எவ்வளவோ பாடுபட்டார்கள். என் பங்குக்கு நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒன்றுதான் என்பதும், ஊருக்கே சத்தம் வைத்த எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலையாக இருந்தது என்பதும் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குப் புரிகிறது.